வீட்டில் செய்த மின்சார காருக்கு எல்இடி ஹெட்லைட்: மிச்சமாவது ஒரு கிலோமீட்டர்கூட இல்லை... சிக்கல் எங்கே இருக்கிறது?

பழைய ஆட்டோவின் ஆக்சில், ஸ்கொயர் பைப்பை வெல்டிங் அடித்துச் செய்த சேசிஸ், ஆன்லைனில் வாங்கிய மோட்டாரும் கன்ட்ரோலரும், பின்சீட்டுக்கு அடியில் நான்கு பேட்டரி. வீட்டு வாசலிலேயே மின்சார கார் செய்யும் வீடியோக்கள் உங்கள் மொபைலிலும் வந்திருக்கும். மோட்டார் எத்தனை வாட், ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று விலாவாரியாகச் சொல்வார்கள். ஹெட்லைட்டுக்கு மட்டும் ஒரே வரிதான்: "எல்இடி போட்டாச்சு, கரன்ட்டே இழுக்காது."

அந்த ஒரு வரியைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். ஏனென்றால், அந்த காரிலேயே ஓட்டுபவரைத் தாண்டி இன்னொருவரின் உயிரோடு நேராகச் சம்பந்தப்பட்ட பொருள், பிரேக்குக்கு அடுத்து ஹெட்லைட்தான்.

உண்மையில் எவ்வளவு மிச்சம்?

முதலில் கணக்கைப் போட்டுவிடலாம். கார்களிலும் பைக்குகளிலும் வெகுகாலமாக இருக்கும் ஹெச்4 ஹாலஜன் பல்பு 60/55 வாட். பிரைட்டில் 60, டிம்மில் 55. இரண்டு விளக்குக்கு டிம்மில் 110 வாட். அதே வேலைக்கு எல்இடி இரண்டும் சேர்ந்து 40 வாட் போதும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 70 வாட்-ஹவர் மிச்சம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது பேட்டரியைப் பாருங்கள். 12 வோல்ட், 100 ஏஹெச் லெட்-ஆசிட் பேட்டரி நான்கை வரிசையாக இணைத்தால் 48 வோல்ட். மொத்தம் 4.8 யூனிட் மின்சாரம். லெட்-ஆசிட் பேட்டரியை அடிக்கடி பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் போய்விடும். ஆக, நம்பி எடுக்கக்கூடியது சுமார் 2.4 யூனிட். எடை குறைந்த சின்ன கார் கிலோமீட்டருக்கு 80 வாட்-ஹவர் தின்கிறது என்றால், 30 கிலோமீட்டர் ஓடும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரப் பயணம்.

அந்த ஒரு மணி நேரத்தில் எல்இடி மிச்சப்படுத்தியது 70 வாட்-ஹவர். கிலோமீட்டராக மாற்றினால் 0.9கூட இல்லை. 30 கிலோமீட்டரில் ஒரு கிலோமீட்டர்கூட தேறவில்லை. டிராஃபிக்கில் மணிக்கணக்கில் மாட்டினால் இது கொஞ்சம் கூடும். விளக்கு நேரத்துக்குத்தான் கரன்ட் இழுக்கும், தூரத்துக்கு அல்ல. டயரில் காற்றைச் சரியாக வைத்தாலே இதைவிட அதிகம் கிடைத்துவிடும்.

அப்படியானால் எல்இடி வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. பல்பு நீண்ட நாள் உழைக்கும், குலுக்கலில் இழை அறுந்து போகாது, போட்டதும் முழு வெளிச்சம் வரும். 2007-ல் லெக்சஸ் எல்எஸ் 600ஹெச் காரின் டிம் விளக்கில் வந்த எல்இடி, இன்று நம் ஊர் ஸ்கூட்டர்கள் வரை வந்துவிட்டது. அந்த வெள்ளை வெளிச்சத்துக்கு அடிப்படையான நீல எல்இடியைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசே கொடுத்தார்கள். தொழில்நுட்பத்தில் குறை இல்லை. அதை எந்த டூமுக்குள் வைக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

டூமுக்குள் நடப்பது என்ன?

ஹாலஜன் பல்பில் ஒளி வருவது சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு கம்பிச்சுருளில் இருந்து. அந்தச் சுருள் எந்த இடத்தில் நிற்கிறதோ, அந்தப் புள்ளியை வைத்துத்தான் டூமின் வளைவையே வடிவமைத்திருப்பார்கள். ஹெச்4 பல்பில் டிம் சுருளுக்குக் கீழே கிண்ணம் போல ஒரு சின்னத் தகடு இருக்கும். அது ஒளி டூமின் கீழ்ப்பாதியில் படாமல் மறைத்துவிடும். அதனால்தான் டிம்மில் வெளிச்சம் சாலையில் மட்டும் விழுகிறது, மேலே ஒரு கோடு கிழித்தது போல இருட்டு. இந்தக் கோட்டுக்குப் பெயர் கட்-ஆஃப்.

இப்போது அந்தப் பல்பைக் கழற்றிவிட்டு, அதே ஹோல்டரில் எல்இடி பல்பைச் செருகுகிறோம். அதில் சுருள் கிடையாது. ஒரு பட்டையின் இரண்டு பக்கமும் சிப் ஒட்டியிருக்கும். பட்டைக்கு ஒரு தடிமன் உண்டு. அந்தத் தடிமன் அளவுக்கு ஒளி பிறக்கும் இடம் நடுப்புள்ளியில் இருந்து தள்ளிப்போகிறது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் டூம் அதை அப்படியே பெரிதாக்கி 50 மீட்டர் தள்ளி வீசும். கோடு கலைந்து, மேலே போகக் கூடாத வெளிச்சம் மேலே போகிறது. ஓட்டுபவருக்கு "அடேங்கப்பா, என்ன வெளிச்சம்" என்று இருக்கும். காரின் மூக்குக்கு முன்னால் பத்து மீட்டர் பளிச்சென்று தெரிவதால் வரும் உணர்வு அது. எதிரே வருபவருக்கோ கண் முழுக்க வெள்ளை.

அது எவ்வளவு ஆபத்து? எதிரே பைக்கில் வருபவர் 60 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கிறார் என்றால், நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கிறார். இரண்டு நொடி கண் கூசினால் 33 மீட்டர் தூரத்துக்கு அவர் பார்வையில்லாமல் ஓட்டியிருக்கிறார். சாலையோரத்தில் பால் கேனோடு சைக்கிள் தள்ளிக்கொண்டு போகும் ஒருவருக்கு அந்த 33 மீட்டர் போதும்.

ஹெட்லைட்டின் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது, மேல் பாதியில் கறுப்பு பெயின்ட் அடிப்பது எல்லாம் நம் அப்பாக்கள் காலத்து லாரி, பஸ்களில் பார்த்தது. கூச்சத்தைக் குறைக்கத்தான். அன்று மஞ்சள் பல்புக்கே அது தேவைப்பட்டது.

20,000 லூமென் என்று பெட்டியில் போட்டிருக்கிறதே?

போட்டிருப்பார்கள். ஐரோப்பிய விதிகளின்படி ஹெச்4 பல்பின் ஒளி அளவு டிம்மில் சுமார் 1,000 லூமென், பிரைட்டில் 1,650. இந்த வெளிச்சத்தில்தான் உலகம் பல பத்தாண்டுகள் இரவில் கார் ஓட்டியது. நல்ல வெள்ளை எல்இடி ஒரு வாட்டுக்கு 100 முதல் 200 லூமென் வரை தரும். அப்படியிருக்க, 40 வாட் பல்பு எப்படி 20,000 லூமென் தரும்? வாட்டுக்கு 500 ஆகிறது! வெள்ளை ஒளியில் அது இயற்பியலுக்கே கட்டுப்படாத கணக்கு. பெட்டியில் உள்ள எண்ணை நம்பி விலை கொடுக்காதீர்கள் என்பதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. வீட்டில் கார் செய்பவர்கள் பலர் டூமே இல்லாமல், சதுரமாகவோ நீளமாகவோ வரும் எல்இடி பாரை முன்னால் போல்ட் போட்டு முடித்துவிடுகிறார்கள். விலை குறைவு, மாட்டுவது சுலபம். ஆனால் அவை வயலில் வேலை செய்யும் வண்டிக்கும், காட்டுப்பாதையில் போகும் ஜீப்புக்கும் செய்யப்பட்டவை. அவற்றுக்கு டிம்மும் கிடையாது, கட்-ஆஃப்பும் கிடையாது. நாலா பக்கமும் அடிக்கும். சாலையில் அது ஹெட்லைட் அல்ல, எதிரே வருபவர் முகத்தில் அடிக்கும் டார்ச்.

பேட்டரி பின்னால்... மூக்கு மேலே

கம்பெனி காரில் வராத, வீட்டுக் காரில் மட்டும் வரும் ஒரு பிரச்னை இது. பெரும்பாலும் சேசிஸ் தயாரானதுமே விளக்கை மாட்டி, நேராக இருக்கிறதா என்று பார்த்து ஸ்க்ரூவை முறுக்கிவிடுகிறார்கள். பிறகுதான் பேட்டரி ஏறுகிறது. இந்த அளவு லெட்-ஆசிட் பேட்டரி ஒன்று 30 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். நான்கு சேர்ந்தால் நூறு கிலோவைத் தாண்டும். அத்தனையும் பின்னால். சஸ்பென்ஷனும் கைக்குக் கிடைத்த பைக் ஷாக் அப்சார்பர். பின்பக்கம் அமுங்க, மூக்கு தூக்குகிறது.

எவ்வளவு தூக்கும்? ஒரே ஒரு டிகிரி என்று வையுங்கள். கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது. ஆனால் 100 மீட்டர் தூரத்தில் அந்த ஒரு டிகிரி, வெளிச்சத்தை 1.75 மீட்டர் உயர்த்திவிடும். தரையில் இருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில், முறைப்படி 1 சதவீதம் கீழ்நோக்கி வைத்த விளக்கு, 100 மீட்டரில் முழுக்க சாலைக்குள் இறங்கியிருக்க வேண்டும். மூக்கு தூக்கியதால் அதன் கட்-ஆஃப் கோடு இப்போது 1.4 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. எதிரே காரில் வருபவரின் கண் மட்டத்துக்கும் மேலே.

சரிசெய்யும் வழி எளிது. பேட்டரி ஏற்றி, டயரில் காற்று சரியாக வைத்து, ஓட்டுபவர் சீட்டில் உட்கார்ந்த பிறகு, சமதரையில் ஒரு சுவரில் இருந்து 10 மீட்டர் தள்ளி காரை நிறுத்துங்கள். விளக்கின் மையம் தரையில் இருந்து எவ்வளவு உயரமோ, சுவரில் அதே உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. டிம் போட்டால் கட்-ஆஃப் அந்தக் கீழ்க்கோட்டில் உட்கார வேண்டும். சுவரில் கோடே தெரியாமல் வெளிச்சம் பரந்து கிடந்தால், அந்த விளக்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதி 106 இதற்கென்றே இருக்கிறது. விளக்கில் இருந்து 8 மீட்டர் தூரத்தில், வண்டியின் வலது ஓரத்தில் இருந்து அரை மீட்டர் தள்ளி, தரையில் இருந்து 1.5 மீட்டர் உயரத்தில் ஒருவரின் கண் இருந்தால் அவருக்குக் கூசக் கூடாது. அந்த அளவுக்கு ஒளி நிரந்தரமாகக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். எந்தக் கருவியும் இல்லாமல் நீங்களே தெருவில் நின்று பார்த்துவிடக்கூடிய சோதனை இது.

கம்பெனி காரில் அனுமதி இல்லாத பாகத்தை மாற்றினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது.

வீட்டில் செய்த காரின் கதை வேறு. அங்கே மாற்றுவதற்கு ஒரிஜினலே கிடையாது. அதனால் கேள்வி ஹெட்லைட்டில் தொடங்குவதே இல்லை. பதிவு எண்ணில் தொடங்குகிறது. விதி 126-ன்படி புது வாகனத்தின் மாதிரி, புனேவில் உள்ள ஏஆர்ஏஐ, சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள ஜிஏஆர்சி போன்ற சோதனை மையங்களில் தேற வேண்டும். தனி ஆள் ஒரே ஒரு காருக்காக அதைச் செய்வது நடைமுறையில் கனவு. பதிவு இல்லாமல் பொதுச் சாலையில் ஓட்டினால் முதல் முறை ரூ.5,000 வரை அபராதம். அபராதத்தைக்கூட விடுங்கள். பதிவு இல்லை என்றால் மூன்றாம் நபர் காப்பீடு இல்லை. இரவில் யாராவது அடிபட்டால் இழப்பீடு முழுக்க உங்கள் வீட்டில் இருந்துதான் போக வேண்டும். 250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் என்றால் லைசென்ஸ் வேண்டாமே என்று கேட்பீர்கள். அந்தச் சலுகை சோதனை மையச் சான்றோடு வரும் சின்ன வண்டிகளுக்கு. நான்கு பேட்டரி சுமக்கும் கார் அந்தக் கணக்குக்குள் வராது.

இதெல்லாம் தெரிந்தும் தோட்டம், கல்லூரி வளாகம், ஆலை என்று ஓட்டுகிறார்கள். அப்படியே ஊர்ச் சாலைக்கும் இறங்குகிறார்கள். அங்கேயும் எதிரே ஆள் வருவார். அதனால் எதை மாட்டுவது என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

எதை வாங்குவது?

எல்இடிக்கென்றே வடிவமைத்த முழு ஹெட்லைட்டை வாங்குங்கள். பல்பை மட்டும் வாங்காதீர்கள். இதுதான் மொத்த விஷயமும். வீட்டில் கார் செய்பவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. கம்பெனி கார் வைத்திருப்பவர் இருக்கும் டூமோடு மல்லுக்கட்ட வேண்டும். உங்களுக்கு முன்பக்கம் காலியாக இருக்கிறது. அம்பாசிடர், ஜிப்சி, தார், புல்லட் என்று பல வண்டிகளில் வந்த 7 இன்ச் வட்ட அளவில் தரமான எல்இடி ஹெட்லைட் கிடைக்கிறது. அந்த அளவுக்கு ஒரு வளையம் வெல்டிங் செய்தால் வேலை முடிந்தது.

ஹோல்டரில் செருகும் எல்இடி பல்புக்கு எங்கேயுமே அனுமதி இல்லையா என்றால், இருக்கிறது. ஜெர்மனியில் 2020-ல் ஓஸ்ராம் நிறுவனத்தின் ஒரு பல்புக்கு அனுமதி கொடுத்தார்கள். ஆனால் எந்தக் காரின் எந்த ஹெட்லைட்டில் என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, அந்தப் பட்டியலில் உள்ள மாடல்களுக்கு மட்டும். உங்கள் வீட்டுக் கார் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

வாங்கும்போது கண்ணாடியைத் திருப்பிப் பாருங்கள். வட்டத்துக்குள் "இ" என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால் ஐரோப்பிய விதிப்படி தேறியது. அதன் பக்கத்தில் அம்புக்குறி இருக்கிறதா என்பது அதைவிட முக்கியம். கண்ணாடியை நேராகப் பார்க்கும்போது வலது பக்கம் காட்டும் அம்பு என்றால், நம்மைப் போல இடது பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது. இரு பக்கமும் காட்டும் அம்பு என்றால் இரண்டுக்கும் பொருந்தும். அம்பே இல்லை என்றால் வலது பக்கம் ஓட்டும் நாட்டு விளக்கு. டிம்மில் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் சற்று மேலே ஏறும், நடைபாதையில் இருப்பவர் தெரிவதற்காக. வெளிநாட்டு விளக்கை இங்கே மாட்டினால் அந்த ஏற்றம் நேராக எதிர்வண்டியின் மேல் போய் விழும். குறியெல்லாம் போலியாகவும் அச்சடிக்கிறார்கள் என்பதால் சுவர் சோதனையை விட்டுவிட வேண்டாம்.

கடைசியாக ஒயரிங்

நல்ல விளக்கையும் கெடுக்கும் இடம் இது. 48 வோல்ட் காரில் 12 வோல்ட் விளக்கு எரிய, நான்கு பேட்டரியில் ஏதோ ஒன்றில் இருந்து மட்டும் ஒயர் இழுப்பது பலரும் செய்வது. அந்த ஒரு பேட்டரி மட்டும் மற்ற மூன்றைவிட அதிகம் காலியாகும். சார்ஜரோ நான்குக்கும் சேர்த்தேதான் சார்ஜ் போடும். இளைத்தது இளைத்துக்கொண்டே போய் முதலில் சாகும், மொத்த செட்டையும் இழுத்துக்கொண்டு.

இன்னொரு வழக்கம், "12-80 வோல்ட்" என்று எழுதிய எல்இடியை நேராக மெயின் பேட்டரியில் கொடுப்பது. 72 வோல்ட் லித்தியம் பேட்டரி முழுசாக சார்ஜ் ஆனால் 84 வோல்ட்டைத் தொடும். ஆக, சார்ஜ் ஏற்றிக் கிளம்பும் நேரத்தில்தான் விளக்கு கருகும். அதோடு, விளக்கின் எர்த்தை சேசிஸில் கொடுத்தால் மெயின் பேட்டரியும் காரின் உடம்போடு சேர்ந்துவிடுகிறது. 60 வோல்ட்டுக்கு மேல் டிசி மின்சாரம் ஆபத்தானது என்றுதான் மின்வாகன விதிகள் வகைப்படுத்துகின்றன. மழையில் நனைந்த கையோடு கதவைத் தொடும் காரில் இது வேண்டவே வேண்டாம். 12 வோல்ட் ரிலேயை 72 வோல்ட் டிசியை அணைக்க வைத்தாலும், உள்ளே பொறி நிற்காமல் முனைகள் ஒட்டிக்கொள்ளும்.

எனவே உள்ளீடும் வெளியீடும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட டிசி-டிசி கன்வெர்ட்டர் ஒன்று, அதன் பின்னால் சின்ன 12 வோல்ட் பேட்டரி ஒன்று. டாடா நெக்ஸான் இவி உட்பட கம்பெனி மின்சார கார்களிலும் இப்படித் தனி 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. அது ஏன் என்பது எல்இடி விஷயத்தில் இன்னும் நன்றாகப் புரியும். ஹாலஜன், மின்னழுத்தம் குறையக் குறைய மஞ்சளாகி மங்கும். "ஏதோ சரியில்லை" என்று ஓட்டுபவர் ஓரம் கட்டுவார். எல்இடிக்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட் கடைசி வரை வெளிச்சத்தைக் குறையாமல் பிடித்து வைத்திருக்கும். பிறகு ஒரே நொடியில் கும்மிருட்டு. கன்வெர்ட்டர் வளைவில் செத்துப்போனால், அந்த 12 வோல்ட் பேட்டரிதான் காரை ஓரம் கட்டும் வரை சாலையைக் காட்டும்.

அதே காரணத்துக்காக இடது விளக்குக்கு ஒரு ஃபியூஸ், வலது விளக்குக்கு ஒரு ஃபியூஸ். ஹாரன், இண்டிகேட்டர், மியூசிக் சிஸ்டம் எதையும் அந்த லைனில் சேர்க்காதீர்கள்.